இரண்டு ராத்திரியா, ஐந்து ராத்திரியா

இதை எழுதிவிடலாம் என்று எத்தனையோ முறை நோட்டை எடுத்திருக்கிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் மூடிவைத்துவிட்டு விளக்கேற்றப் போய்விடுவேன். எட்டாவதோடு நின்றவள், எழுத்து வரவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான் காரணம்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் போனபிறகு சுரங்க கேன்டீனில் வேலை கிடைத்து, ரிட்டயர் ஆகும்வரை விடிகாலை ஷிப்டில் இட்லித் தட்டோடு நின்றவர். பிள்ளையில்லை, எங்களோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். வேலையை விட்ட இரண்டாம் வருடம் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ் என்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் செல்போனில் கப்பல் சுற்றுலாப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“முப்பது வருஷமா சுரங்கப் பள்ளத்தையே குனிஞ்சி பாத்துகினு இருந்துட்டேன். ஒருவாட்டி கடல கண்ணுக்குச் சமமா பாக்கணும்மா.”

கொச்சியிலிருந்து இரண்டு விதமாகக் கப்பல் போனது. ஒன்று இரண்டு ராத்திரி. எங்கும் நிற்காமல் நடுக்கடல்வரை போய்த் திரும்பிவிடும். இன்னொன்று ஐந்து ராத்திரி. மூன்று தீவுகளில் இறக்கிவிடுவார்கள். டாக்டரைக் கேட்டோம். ஏறுமுன் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று டயாலிசிஸ் செய்துகொண்டால் இரண்டு ராத்திரிக்குப் பயமில்லை என்றார். ஐந்து என்றால் தன்னால் உறுதி சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது என்றார்.

“ரெண்டு ராத்திரி போதும்க்கா” என்றார் என் வீட்டுக்காரர்.

“எங்கயும் எறங்காம திரும்பி வர்றதுக்கு நம்ம டவுன்ஷிப் பஸ்ஸு போதுமேடா! மண்ணுல கால வெக்கணும். தண்ணி கொறச்சிக் குடிக்கிறேன், போதுமா?”

நான்கு நாள் இதே பேச்சு. கடைசியில் அண்ணியே சொன்னார்: “பிள்ளையார்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம். அவரு என்ன சொல்றாரோ அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்.”

சிவப்பு வந்தால் ஐந்து, வெள்ளை வந்தால் இரண்டு. பொட்டலம் கட்டியது நான். கொல்லைப்புறத்துச் செவ்வரளியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு அதைச் செடியடியில் போட்டுவிட்டு, இரண்டு வாழையிலைத் துண்டிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். அவர் உயிருக்குப் பயந்தேனா, கூடப் போகிற என்மேல் பழி வந்துவிடும் என்று பயந்தேனா? இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

சன்னதியில் அண்ணி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க, மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றடிவரை போய்வந்தேன். “சரி, சாமி சொல்லிட்டாரு. அந்த இன்னொண்ணையும் குடும்மா, கண்ணுல ஒத்திக்கறேன்” என்று கை நீட்டினார். கிணற்றில் போட்டுவிட்டேன் என்றேன். அது என் முந்தானைக்குள் இருந்தது.

கப்பலில் முதல் நாள் குழந்தை மாதிரிதான் இருந்தார். “கேன்டீன்னா இது கேன்டீன்! நம்மளுது வெறும் அடுப்பங்கரைதாம்மா” என்று சிரித்தார். மறுநாள் மத்தியானம் கப்பல் திரும்பும் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் சாப்பிடப் போக, அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

“நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? இத்தன வருஷத்துல பிள்ளையாருகிட்ட வேற எதுவும் கேட்டதில்லம்மா. இதுக்குப் போயி வேணாம்னுட்டாரே.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், “காத்து ஜாஸ்தியா இருக்கு, உள்ள வாங்க அண்ணி” என்றுதான் வந்தது.

ஊருக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவர் வரவேயில்லை. “நீ போய்ட்டு வா. என்னப் பாத்தா அவருக்குப் புடிக்கல” என்பார், சிரித்துக்கொண்டே. அடுத்த வருடம் இறந்துபோனார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நான் மட்டும் இருந்தேன். கையைப் பிடித்து, “அண்ணி, அந்தப் பூ...” என்று ஆரம்பித்தேன். “என்ன பூவு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உறவில் இன்றும் சொல்கிறார்கள், பிள்ளையார் தடுத்ததால் இன்னும் ஒரு வருடம் இருந்தாள் என்று. படிக்கிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லுங்கள். ஆனால் நல்லதுக்குத்தானே செய்தாள் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள், குறைக்கவும் வேண்டாம். அண்ணியை வேண்டாம் என்று சொன்னது சாமி இல்லை. நான்தான்.