கேட் மூடும் நேரத்துக்கு நான் போட்ட கொசுறு

எங்கள் செஞ்சியில் கோட்டை இருக்கிறது, கோட்டைக்குள் யானைக்குளம் இருக்கிறது, குதிரை கட்டிய கொட்டடி இருக்கிறது. ரயில் மட்டும் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு எந்த ரயில் எப்போது வரும், எது நின்று வரும், எது தூக்கியடித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் அத்துப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் மருமகளே சிரித்தாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான். என் பேச்சை அங்கங்கே நிமிர்த்தி எழுதுகிறாள். எழுதட்டும், படித்தவள்.

நான் வியாபாரம் செய்தது ரயில்வே கேட்டில். அந்த ஊரின் பேர் வேண்டாம். காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூடையைத் தூக்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தால் அந்த ஊர் கேட்டில்தான் இறக்குவேன். மழை முடிகிற வரைக்கும் மலையடிவாரத்துச் சீத்தாப்பழம், மற்ற நாளெல்லாம் வேகவைத்த மல்லாட்டை, நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. கேட் மூடினால் எனக்குக் கடை திறந்த மாதிரி. பஸ், லாரி, கார், கல்யாண வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். நிற்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு டிரைவர் இருந்தான், தினமும் வாங்குவான், தினமும் கேட்பான்.

"ஆயா, உப்பு போட்டியா?"

"போடலன்னா நேத்து எதுக்குடா ரெண்டாவது பொட்டலம் வாங்கின?"

கேட்டில் இரண்டே பேர்தான் விற்போம். தண்டவாளத்துக்கு மேற்கே நான், கிழக்கே வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒருத்தி. அவள் உள்ளூர்க்காரி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். எனக்குத் தங்கச்சி, நான் அவளுக்கு யக்கா. கேட் மூடியிருக்கும்போது ஒருத்தி பக்கத்துக்கு இன்னொருத்தி போகக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த பேச்சு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு நாளும் மீறியதில்லை. கேட் திறந்தபின் அவள் எனக்கு இரண்டு பிஞ்சு கொண்டுவருவாள், நான் அவளுக்கு ஒரு கை மல்லாட்டை போடுவேன்.

எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கேட்கீப்பர் அறையில் போன் அடிக்கிற சத்தம்தான் என் கடிகாரம். ஒரு தடவை அடித்து அவர் கேட்டைப் போட்டால் ஒரு ரயில். போட்டபிறகு மறுபடியும் அடித்தால் எதிரிலிருந்தும் ஒன்று வருகிறது. அப்போது டிரைவர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவார்கள். நான் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொள்வேன். கூட்ஸ் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், வரிசையின் கடைசி வரைக்கும் ஒரு நடை போய்வரலாம்.

அந்த ஊர்ப் பேரூராட்சியில் ஒரு கவுன்சிலர் உண்டு. பள்ளிக்கூடப் பையன் காலத்திலிருந்தே என் மல்லாட்டையைத் தின்று வளர்ந்தவன். நான் அவனை நைனா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வருஷம் இருக்கும், ஒரு நாள் கையில் அட்டையும் பேப்பருமாக ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான்.

"ஆயா, இவரு சார். இங்க நிக்கிற ஜனங்களுக்கு ஷெட்டு போடலாம்னு பாக்குறோம். எந்தெந்த நேரம் கேட்டு மூடுது, எவ்ளோ நேரம் நிக்குறாங்க, எல்லாம் உனக்குத்தான தெரியும். சொல்லு."

"கேட்கீப்பரைக் கேளேன் நைனா."

"அவரு சர்க்கார் ஆளு, வாயத் தொறக்க மாட்டாரு. நீதான் ஆயா இங்க எல்லாம்."

நீதான் எல்லாம் என்று அவன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடியற்காலை மெட்ராஸ் வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். எது எதோடு எதிர்ப்படும், எந்த மாசத்தில் கூட்ஸ் அதிகம், வரிசை எந்தப் புளியமரம் வரைக்கும் போகும் என்று வரிசையாகச் சொன்னேன். அந்த சார் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். பேப்பரைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். என் ஆயுசில் நான் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டதே இல்லை. ரேஷன் கடையில்கூட ஒரு பேரைத் தப்பில்லாமல் எழுத மாட்டார்கள்.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு பெரிய ஷெட் வரும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய ஷெட் என்றால் ஓரத்தில் எனக்கும் நிழல். அதனால் மல்லாட்டைக்குக் கொசுறு போடுகிற மாதிரி நேரத்துக்கும் கொசுறு போட்டேன். கால் மணியை அரை மணி என்றேன். ஆம்புலன்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பிரசவ வலி, செஞ்சியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கேட்டில் மாட்டிக்கொண்டாள். போன் இரண்டாவது தடவை அடித்ததும் நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸிடம் ஓடினேன். அன்றைக்கு மட்டும் வெள்ளரிக்காரி பேச்சை மீறிக் கேட்டுக்கு அடியில் குனிந்து என் பக்கம் வந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன், வெள்ளரிக்காரி பிஞ்சு மூடும் துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததாக அந்த ஆம்புலன்ஸ் டிரைவரே பிறகு வந்து சொன்னான். இது நடந்தது ஒரு தடவை. நான் மாசத்துக்கு ஒன்று இப்படி நடக்கிறது என்றேன்.

வெள்ளரிக்காரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் கொசுறு போடுவது அவளுக்குத் தெரியும். சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. துணியை எடுத்துப் பிஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த பிஞ்சையே மறுபடி துடைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு பேரூராட்சிக் கூட்டம். கவுன்சிலர் என்னையும் வரச்சொன்னான். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கலர் சோடா கொடுத்தார்கள். அவன் மைக்கைப் பிடித்துப் படித்தான். விடியற்காலை மெட்ராஸ் வண்டி, புளியமரம் வரைக்கும் வரிசை, அரை மணி, மாசத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ். எல்லாம் என் வார்த்தை. கொசுறு உட்பட.

"இத நான் சொல்லல. தெனமும் அந்தக் கேட்டுலயே ஒக்காந்திருக்கிற ஆயாவே சொல்றாங்க" என்றான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்காக அத்தனை பேர் தட்டும்போது சும்மா இருக்க முடியுமா? அந்தத் தட்டல் அடங்குமுன் அவன் அடுத்ததையும் படித்தான். கேட்டை ஒரேயடியாக எடுத்துவிட வேண்டும், தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கப்பாதை போட வேண்டும் என்று மன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. எனக்குப் புரியவில்லை. ஷெட்டைக் கடைசியில் சொல்வான் என்று காத்திருந்தேன். எங்கள் பஸ் கண்டக்டர் பின்னால் உட்கார்ந்திருந்தான். குனிந்து என் காதில் சொன்னான்.

"இன்னா ஆயா, உன் கடைய நீயே மூடிட்டு நீயே கைதட்டுற?"

மறுநாள் கவுன்சிலரைக் கேட்டிலேயே பிடித்தேன்.

"ஷெட்டுன்னுதானடா சொன்ன?"

"ஷெட்டுதான் ஆயா கேட்டோம். மேல இருக்கிறவங்க கேட்டையே எடுத்துர்றோம்னுட்டாங்க. நம்ம கையில இன்னா இருக்குது?"

"சரி, எடுங்க. எனக்கு எடம்?"

"சப்வே முனையில கடைங்க வருது. அது உள்ளூர் ஆளுங்களுக்கு. நீ செஞ்சி. உனக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்லியே."

"மல்லாட்டை துன்னும்போது எனக்கு எந்த ஊர்ல ஓட்டுன்னு கேட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. "உனக்கு இதெல்லாம் புரியாது ஆயா, நீ படிக்காதவ" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அவன்மேல் எனக்குக் கோபம்தான். கவுன்சிலர் ஆனவன் இப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிடலாம். அன்று சாயங்காலம் கேட் திறந்ததும் வெள்ளரிக்காரி வழக்கம்போல இரண்டு பிஞ்சோடு வந்தாள். அவளுக்குச் சப்வே முனையில் ஒரு கடை எழுதியாகிவிட்டது என்று கண்டக்டர் சொல்லியிருந்தான்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"கேட்டை எடுக்கத்தான் கேக்குறாங்கன்னா நீ பேச மாட்ட யக்கா. ஷெட்டுன்னு சொல்லுங்க, அப்பத்தான் வாயத் தொறக்கும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. எத்தினி நாளைக்கு வெயில்ல நிக்கிறது?"

என்னால் பேசாமல் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் என்னைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பிரசவக்காரியின் கையைப் பிடித்திருந்தவள் நான். கேட்டை எடுக்கலாமா ஆயா என்று நேராகக் கேட்டிருந்தால் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கொசுறு இல்லாமல் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் என் கை மல்லாட்டையைத் தின்றவளுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அந்தப் பிஞ்சு இரண்டையும் வாங்கிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

சுரங்கப்பாதை வந்தது. கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டார்கள். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார ஆரம்பித்தேன். இங்கே எந்த பஸ்ஸும் எனக்காக நிற்பதில்லை. நான் எழுந்து ஜன்னலுக்குக் கை நீட்டுவதற்குள் கிளம்பிவிடும். உப்பு போட்டியா என்று கேட்கிற டிரைவர் மட்டும் ஹாரன் அடித்துக் காத்திருந்து வாங்கிக்கொள்வான்.

போன மழைக்கு அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. எங்கள் பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தன. எனக்கு வேறு வேலை இல்லையே, அது எத்தனை நாள் என்று கணக்கு வைத்திருந்தேன். மழை விட்டு வெயில் வந்தபிறகு ஒரு நாள் மத்தியானம் அதே கவுன்சிலர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். அதே அட்டை, அதே சார்.

"ஆயா, நல்லா இருக்கியா? மல்லாட்டை குடு" என்றான். கொடுத்தேன். தின்றுகொண்டே வந்த விஷயத்தைச் சொன்னான். "தண்ணி ஒரே நாள்ல வடிஞ்சிடுச்சின்னு கான்ட்ராக்டு எடுத்தவன் சாதிக்கிறான். எத்தினி நாள் பஸ்ஸு சுத்திப் போச்சின்னு உனக்கு நல்லாத் தெரியும்னு உன் தங்கச்சி சொல்லி அனுப்புச்சி. பாவம், அது கடைக்குள்ளயும் முட்டிக்கால் தண்ணி. நீ சொன்னா எழுதிக்குவாரு."

அந்த சார் பேனாவைத் திறந்து பேப்பரில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் பேப்பர். எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. எந்த நாளில் ஆரம்பித்தது, எந்த பஸ் முதலில் திரும்பி வந்தது, டிரைவர் என்ன சொல்லித் திட்டினான் எல்லாம்.

"எனக்கு இன்னா நைனா தெரியும்? நான் படிக்காதவ" என்றேன்.

சார் பேனாவை மூடினார். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அவள் கடைக்குள் முட்டிக்கால் தண்ணீர் என்பது மட்டும் எனக்குள் நின்றுகொண்டே இருக்கிறது. பிஞ்சைத் துடைத்து அடுக்குவாளே, அதை எங்கே அடுக்கினாளோ. அதற்காகத்தான் இப்போது மருமகளை எழுதச் சொல்கிறேன். அவனுக்குச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்வதில் ஒன்றுமில்லை.

பதினொரு நாள். இதில் கொசுறு இல்லை.