பூச்சோங்கில் அன்று மழை இல்லை

என் நாத்தனாரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கல்யாண வீடோ காதுகுத்தோ, என்னை எங்கே பார்த்தாலும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கேட்டுவிடுவாள். "இவ்ளோ செலவு பண்ணி பொம்பளப் பிள்ளைய பந்து விளையாட அனுப்புறீங்களே, வொர்த்தா அண்ணி?" அந்தப் பணத்தில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றமே செய்திருக்கலாம் என்பது அவள் கட்சி. வெயிலில் நின்று பிள்ளை கறுத்துவிட்டாள் என்பது கொசுறு வருத்தம். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அதற்குக் காரணம் பணம் இல்லை.

என் மகள் கோல்கீப்பர். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு நடுவில் ஒரு திடல் இருக்கிறது. பாதி புல், பாதி சேறு. அங்கே பையன்கள் விளையாடும்போது வேறு யாரும் நிற்க விரும்பாத இடத்தில் இவளை நிறுத்தினார்கள். நின்றவள் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. அவளுடைய தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "பூச்சோங்ல ஒரு அகாடமி இருக்கு, கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார். காட்டினோம். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம்.

செயற்கைப் புல், உயரத்தில் விளக்குகள், வாசலில் காபிக் கடை என்று அந்த அகாடமியே வேறு உலகமாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கென்று ஓர் அணி வைத்து, அதற்கு 'எலிட்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கட்டணம் என்பார் என் கணவர். சொந்தத் திடலில் ஆட ஒரு ஜெர்சி, வெளியே போய் ஆட ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, மழைக்கு ஒரு ஜாக்கெட். கோல்கீப்பர் கையுறை இருக்கிறதே, குழந்தைக்குப் பால்மாவு வாங்குவது போலத்தான், தீர்ந்துகொண்டே இருக்கும். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். எனக்கென்று வாங்குவதை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை, சத்தியமாக.

தனியாக இருந்தால் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் ஓர் அக்கா இருந்தாள். அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேனே தவிர சொந்தம் இல்லை. அவள் மகளும் என் மகள் வயதுதான், அதே அகாடமி, அதே எலிட் அணி, அவளும் கோல்கீப்பர். ஒரு வாரம் என் கார், மறு வாரம் அவள் கார் என்று முறை வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அக்கா நாசி லெமாக் கட்டிக் கொண்டுவந்தால் நான் பிளாஸ்கில் தேநீர் எடுத்துப்போவேன். என் அம்மா இறந்தபோது காரியம் முடியும்வரை என் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அகாடமிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக அதில் கொட்டும். நான் அதன் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்ப்பதே இல்லை. முக்கியமான சேதி என்றால் அக்கா சொல்லப்போகிறாள், அப்புறம் எனக்கென்ன கவலை?

அந்த வருஷம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு, தொடக்கப் பள்ளியில் கடைசி வருஷம். செமினி பக்கம் ஒரு தனியார் பள்ளி, அடுத்த வருஷம் இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தில் சேர ஒரே ஒரு கோல்கீப்பருக்கு உபகாரச் சம்பளம் தருவதாகச் செய்தி வந்தது. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் ஐந்து வருஷத்துக்கு அவர்கள் செலவு. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆள் வந்து பயிற்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், எந்த வாரம் என்று பிறகு சொல்கிறோம் என்றார் கோச்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் மகள்தான் நன்றாக ஆடுகிறவள். இதைத் தாய்ப் பாசத்தில் சொல்லவில்லை, கோச்சே சொல்வார். அவள் தேர்வாகிவிட்டால் போதும், நாத்தனார் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக மகள் எதிரிலேயே வேண்டிக்கொண்டேன். காரில் இதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். "நானும் அதேதான் வேண்டியிருக்கேன்மா. முருகன் பாடு கஷ்டம்லா" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. யாருக்குக் கிடைத்தாலும் நம் பிள்ளைதான் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அப்போது அது நிஜமாகத்தான் மனதில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் முறை. கிள்ளானில் முந்தின ராத்திரி ஆரம்பித்த மழை விடவே இல்லை. எங்கள் வீட்டுச் சாக்கடை விளிம்பு வரை நிறைந்து ஓடியது. காலையில் அக்காவிடமிருந்து சேதி வந்தது. 'திடல்ல தண்ணி நிக்குதாம். இன்னைக்கு டிரெய்னிங் இல்ல.' நான் நன்றி சொல்லி ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டு இட்லி ஊற்றினேன். என் மகள் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். பாவம், பிள்ளைக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைத்ததே என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அகாடமியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் வந்தது. செமினி பள்ளி ஆட்கள் இரண்டு பேர், நடுவில் அக்காவின் மகள், கழுத்தில் அந்தப் பள்ளியின் துண்டு. வாழ்த்துகள், நேற்றைய தேர்வில் வென்றவர் என்று எழுதியிருந்தது. நான் முதலில் பார்த்தது அவர்கள் முகத்தை இல்லை, தரையை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. எல்லோரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

நான் கோச்சைக் கூப்பிட்டேன். "உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு மெசேஜ் வந்துச்சே ஆன்டி. குரூப்லயும் வியாழக்கிழமையே போட்டோமே" என்றார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அவங்க முடிவு பண்ணிட்டாங்க ஆன்டி, சாரிலா" என்று முடித்துவிட்டார். மகளைக் கேட்டேன். அவளுக்குத் தேதி எதுவும் தெரியாதாம். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை எவ்வளவு நொந்து போயிருந்தால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள் என்று என் வயிறு எரிந்தது.

போட்டிருந்த நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். அக்கா வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா துணி எடுப்பது போல வெளியே வந்து நின்றாள். அக்கா என்னைத் திருப்பித் திட்டவில்லை. "உள்ள வாமா, உட்கார்ந்து பேசலாம்" என்று மட்டும் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு, வேறு என்ன பேசும் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவள் கொடுத்திருந்த டப்பாக்களைத் தேடி எடுத்து அவள் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

அகாடமிக்கு அந்த வருஷக் கட்டணம் கட்டியாகிவிட்டது, நிறுத்த மனமில்லை. எல்லா வாரமும் என் முறையாகிவிட்டது. அக்காவின் மகள் வேறு நாளுக்கு மாறிக்கொண்டாள். என் மகள் முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். கிள்ளானிலிருந்து பூச்சோங் போகும் வழியெல்லாம் நான் அக்காவைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் கடைசியில் அடுப்பிலேயே கையை வைத்துவிட்டாளே என்று புலம்புவேன். மகள் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல், "விடுங்கம்மா" என்பாள். எவ்வளவு பெருந்தன்மையான பிள்ளை என்று டோல் சாவடியில் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.

தீபாவளி நெருங்கியது. கிள்ளானில் எனக்கு ரவிக்கை தைக்கும் அம்மாளிடம் என்னை முதலில் கூட்டிப்போனவள் அக்காதான். ஒரு சனிக்கிழமை காலை ரவிக்கை வாங்கப் போனால், அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தையல்கார அம்மாள், "ஹுக் வைக்கணும், ரெண்டு பேரும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இருந்ததே இரண்டு நாற்காலி.

அக்கா என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அடுத்தவ இடத்துல போய் நிக்கிற உங்க பொண்ணுக்கு எத்தனை நாளைக்குப் பந்து கையில நிக்குதுன்னு பார்ப்போம்" என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "என்னைத் திட்டு, வாங்கிக்கறேன். எம் பொண்ணைச் சொல்லாதே. அவளுக்கு ஒண்ணும் தெரியாது." கைப்பையின் வாரை முறுக்கினாள். பிறகு சொன்னாள். "அன்னைக்குக் காலையில உன் பொண்ணுதான் எனக்கு போன் பண்ணா. 'ஆன்டி, இன்னைக்கு டிரெய்னிங் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, ப்ளீஸ்'னு அழுதா. கோச்சுக்கும் அவளேதான் காய்ச்சல்னு மெசேஜ் போட்டா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

நான் நம்பவில்லை. அவள் கைப்பேசியை நீட்டவில்லை, ஆதாரம் எதுவும் காட்டவில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"சின்னப் பிள்ள கேட்டா நீங்க உடனே பொய் சொல்லிடுவீங்களா?" என்றேன். என் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"எனக்கும் அது வேணும்னு இருந்துச்சுமா" என்றாள். "அவ கேட்டப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதை மறைக்க மாட்டேன்." ரவிக்கைக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டாள். அவள் நல்லவளா கெட்டவளா என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. நல்லவள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அன்று பிற்பகலும் மகளைப் பூச்சோங்குக்குக் கூட்டிப்போனேன்.  வழியில் யாரையும் திட்டாத என்னை அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். பெற்றோர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஆடுவதைப் பார்த்தேன். இடது மூலையில் தரையோடு வந்த ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. எழுந்து பந்தை எறிந்துவிட்டு மறுபடி குனிந்து நின்றாள். இது பிடிக்காத பிள்ளை இப்படி விழுமா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

காரில் ஏறியதும் சாவியைத் திருகாமல் கேட்டேன். "ஆன்டிக்கு போன் பண்ணது நீதானா?"

அவள் பெல்டைப் போட்டுக்கொண்டாள். "ம்."

"இத்தனை மாசம் நான் அந்தப் பொம்பளையைத் திட்டறதை இங்கயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு வந்தியே. வாயத் திறந்தியா?"

"திறந்தா நீங்க அழுவீங்க."

"ஏன் பண்ணின?"

"எனக்கு ஹாஸ்டல் வேணாம்மா. அங்க பந்து மட்டும்தான், அஞ்சு வருஷம். எனக்கு விளையாடப் பிடிக்கும். அதுவே எல்லாமா இருக்க வேணாம். நீங்க பால்குடம் வேற வேண்டிக்கிட்டீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

எனக்குத் தாங்கவில்லை. அடிக்கக்கூட கை ஓங்கியது, ஸ்டியரிங்கில் போட்டேன். "வேணாம்னா போகாம இருக்கணுமா? போய் நின்னு ரெண்டு பந்த உள்ள விட்டிருந்தா போதுமே! அவங்களே வேணாம்னு போயிருப்பாங்க. நானும் சரி, கிடைக்கலன்னு இருந்திருப்பேன். அந்த அக்காவோட இப்படி ஆகியிருக்காது. எதுக்கு இந்தப் பொய்யும் நாடகமும்?"

அவள் முழங்கையில் ஒட்டியிருந்த, செயற்கைப் புல்லின் ரப்பர்த் துகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏமாற்றிய பிறகு முதல்முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"பந்து வந்தா என்னால விட முடியாதும்மா. நின்னிருந்தா பிடிச்சிருப்பேன். பிடிச்சிருந்தா என்னைத்தான் எடுத்திருப்பாங்க. அதான் போகல."

நான் காரை எடுத்தேன்.  எனக்கு நெஞ்சு விம்மும் அளவுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காகவே அவள்மேல் ஆத்திரம் இன்னும் கூடியது. நாத்தனார் கேட்கும் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கட்டின காசெல்லாம் வீண் போகவில்லை, என் பிள்ளை அவ்வளவு நல்ல கோல்கீப்பர். அன்று நின்றிருந்தால் அவளைத்தான் எடுத்திருப்பார்கள் என்று சொல்ல, என்னை ஏமாற்றிய அதே பிள்ளையைத் தவிர வேறு சாட்சி இல்லை.