பிள்ளையாரிடம் நான் கொண்டுபோன நாலு கம்பனிகள்

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை. நான் வேலை செய்கிற இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் சேட்டு அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் அயன்பெட்டி, மறு கையில் போன். போனில் எல்லாம் சிவப்பு. நான் வாங்கி வைத்திருந்த நாலு கம்பனிப் பங்குகளும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. கழுத்துப்பட்டி கருகின மணம் வந்த பிறகுதான் அயன்பெட்டியைத் தூக்கினேன். சிஞ்ஞோரா அந்தச் சேட்டை மடித்து ஒரு பக்கம் வைத்தார். அது இன்னும் வெட்கமாக இருந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அது விளையாட்டுக் காசு இல்லை. இங்கே ஒரேத்தோப் பகுதியில் பன்னிரண்டு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். முதல் உரிமை எங்களுக்குத்தான் என்று நல்ல மனதோடு சொன்னார். மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்கலாம், ஆனால் நவம்பர் முடிவதற்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. என் இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் நடை பழகினார்கள். அந்த முன்பணம் முழுவதும் இந்த நாலு கம்பனிக்குள் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு இடம்பெயர்ந்தவள். ஆனாலும் மூன்று பங்குகளை நானே யோசித்து வாங்கினேன், அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆறு வீடு துப்புரவு செய்கிறேன். ஆறு வீட்டிலும் ஒரே கம்பனிச் சவர்க்காரத்தூள். அது ஒன்று. மின்சாரக் கம்பனி இரண்டாவது. சிஞ்ஞோராவின் அலுமாரி நிறைய இருக்கிற மருந்துக் குளிசைகளைச் செய்கிற கம்பனி மூன்றாவது. நாலாவது மட்டும் லண்டனில் இருக்கிற அத்தான், என் அக்காவின் கணவர், சொல்லி வாங்கியது. அமெரிக்காவில் ஏதோ பற்றரி சம்பந்தமானது. மற்ற மூன்றையும் விட அதில்தான் கூடப் போட்டிருந்தேன்.

அன்று பின்னேரமே அத்தான் போன் எடுத்தார்.

"மச்சாள், அந்தச் சவர்க்காரம், கரண்ட், குளிசை எல்லாத்தையும் வித்துப்போட்டுப் பற்றரியிலை போடும். இப்பதான் மலிவு."

"அது பாதிக்கு மேலை விழுந்திட்டுது அத்தான்."

"அதாலைதானே மலிவு எண்டுறன்! சவர்க்காரத்தை வைச்சு எவன் பணக்காரன் ஆனவன்? கழுவிக் கழுவி உமக்குப் புத்தியும் அதுக்குள்ளைதான் நிக்குது."

என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற கடற்கரைப் பகுதியில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையலறை வேலை. அவர் வேறு கட்சி.

"இஞ்சேரும், எல்லாத்தையும் வித்து மிஞ்சினதை வங்கியிலை போடும். நாளைக்கு அதுவும் இராது."

"இப்ப வித்தா முன்பணத்துக்குக் காணாதப்பா."

"விக்காட்டியும் காணாது. பிறகென்ன?"

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் போனைப் பார்ப்பேன். யார் சொல்வதைக் கேட்பது?

மனம் இரண்டுபட்டால் நாங்கள் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்போம்; சீட்டில் எழுதிக் குலுக்கி, வருவதைச் சாமி சொன்னதாக எடுப்போம். கலியாணத்துக்குப் போடுகிறோம், பயணத்துக்குப் போடுகிறோம். பங்குக்குப் போட்டவர் எவரும் உண்டோ தெரியாது. நான் போட நினைத்தேன். வெள்ளிக்கிழமை தலைக்குத் தோய்ந்து, நாலு துண்டுக் கடதாசியில் நாலு கம்பனியின் பெயரையும் எழுதிச் சுருட்டிக்கொண்டு, வாடகை மண்டபத்தில் இருக்கிற எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். எடுக்கிற சீட்டில் வருவதை வைத்திருப்பது, மற்ற மூன்றையும் விற்பது. இதுதான் என் எண்ணம்.

ஐயர் ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பேர் மட்டும் கிடக்குது? இது ஆருடைய பேர்?"

"கம்பனி ஐயா. பங்கு வாங்கி வைச்சிருக்கிறன். எதை விக்கிறது, எதை வைச்சிருக்கிறது எண்டு தெரியேல்லை."

"உங்கடை பங்குச் சங்கதி எனக்கு விளங்காது. ஆனால் கேக்கிறதை முழுசா எழுதவேணும். இது என்ன, ஏன் வாங்கினனீங்கள், இனி ஏன் வைச்சிருக்கப் போறியள். பிள்ளையாரிட்டைப் போன் இல்லை, தேடிப் பாக்கிறதுக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சுவரோரம் இருந்து எழுதினேன். சவர்க்காரம்: சந்தை விழுந்தாலும் சனம் உடுப்புத் தோய்க்கும், நேற்றும் ஆறு வீட்டிலும் அதே பெட்டிதான். மின்சாரம்: இந்த மாதமும் பில் வந்தது, போன வருடமும் இலாபத்தில் பங்கு தந்தது. குளிசை: சிஞ்ஞோரா ஒரு நாளும் போடாமல் விட்டதில்லை. எழுத எழுத எனக்கு ஒன்று விளங்கியது. விலைதான் விழுந்திருக்கிறது, இந்த மூன்று கம்பனியும் விழவில்லை.

நாலாவது சீட்டை எடுத்தேன். பேனா ஓடவில்லை. யாருக்கு என்ன விற்கிறது? தெரியாது. இலாபம் கண்டதா? இன்னும் இல்லை என்று அத்தானே ஒருமுறை வாய்தவறிச் சொன்னவர். ஏன் வாங்கினேன்? அத்தான் சொன்னவர். அதை எழுதிப் பிள்ளையாருக்கு முன் வைக்க எனக்குக் கை கூசியது.

"ஐயா, ஒண்டுக்கு எழுத ஒண்டுமில்லை."

"எழுதாத சீட்டை நான் தட்டிலை போடமாட்டன், பிள்ளை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சீட்டு எடுக்கும் முன்பே பிள்ளையாரப்பன் பதில் சொல்லிவிட்டார். மற்ற மூன்றையும் நான் குலுக்கவே இல்லை. அவர் காலடியில் வைத்து விழுந்து கும்பிட்டேன். தைரியம் தா என்று மட்டும் கேட்டேன். வீட்டுக் காசு கொடுக்கும்வரை, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ஒருதரம் தவிர, பங்கு விலை பார்க்க மாட்டேன் என்று நேர்த்தி வைத்தேன்.

திங்கட்கிழமை பற்றரியை விற்றேன். போட்டதில் பாதிகூட வரவில்லை. வந்ததில் ஒரு பாதியை முன்பணத்துக்கென்று வங்கியில் தொடாமல் வைத்தேன். மற்றப் பாதிக்கு, விழுந்து கிடந்த விலையில் சவர்க்காரமும் மின்சாரமும் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். அத்தான் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

சாப்பாட்டு விரதத்தை விட இந்த விரதம் கஷ்டம். போர்கோ வெக்கியோச் சந்தையில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "இண்டைக்கும் விழுந்திட்டுதாம், தெரியுமே?" என்றார். "வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ அக்கா" என்றேன். வீட்டில் என் கணவர் பகிடி பண்ணுவார்: "இண்டைக்கு வியாழன். போனைத் தொட்டீரெண்டால் பிள்ளையாருக்குச் சொல்லிக் குடுத்திடுவன்." ஆனால் அந்தக் கோடை முழுக்க அவரும் மேலதிக வேலை செய்து என் கையில் தந்தார்.

வெள்ளிக்கு வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நவம்பருக்கு முன்பே சவர்க்காரமும் மின்சாரமும் நான் வாங்கின விலையைத் தாண்டிவிட்டன. வங்கியில் வைத்ததோடும் அவர் உழைத்துத் தந்ததோடும் சேர்த்து, முன்பணத்துக்குத் தேவையான அளவு மட்டும் விற்றேன். குளிசைக் கம்பனி இன்னும் பழைய விலைக்கு வரவில்லை. இருக்கட்டும். அதைப் பற்றி நான் எழுதினது இன்றைக்கும் உண்மை, ஆகவே வைத்திருக்கிறேன். அத்தானின் பற்றரிக் கம்பனி மூடிப்போய்விட்டது. அவர் பாவம், அவருக்காகவும் நான் கும்பிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் நொத்தாரிசின் அலுவலகத்தில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதினோம். நொத்தாரிசு வழக்கம்போல ஆம்பிளையின் பெயரை முதலில் எழுதப் போனார். என் கணவர் தடுத்தார். "ப்ரீமா லேயி" என்றார், முதல் இவவின் பெயர் என்று. அன்று நான் நிமிர்ந்து இருந்த மாதிரி என் வாழ்நாளில் ஒரு கதிரையிலும் இருந்ததில்லை.

அடியார்களே, படிப்பில்லாத எனக்குப் பிள்ளையார் அறிவு தந்தார். சனம் எல்லாம் ஓடுகிற நேரத்தில் எதை விடுவது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று காட்டினார். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். மற்றவர்களின் வாயைப் பார்க்காதீர்கள். அவர் முன்னால் போய் இருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். ஒரேத்தோப் பக்கம் வந்தால் மூன்றாம் மாடிக்கு ஏறி வாருங்கள். இது எங்கள் வீடு.