வியாழன் பின்னேரம், பலெர்மோவில் ஒரு காதல் படம்

ஒக்டோபரில் ஜெர்மனியிலிருந்து ஐந்து நாள் இத்தாலிக்கு, பலெர்மோ போனேன். ஊர் பார்க்க இல்லை, தம்பி யோகனை வாய் திறக்கப் பண்ண. நாற்பத்தேழு வயது, அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான். மூன்று வருசமாக பல்லரோ சந்தை மீன்கடைக்கு வருகிற மன்னார்ப் பிள்ளை ரெஜினாவைப் பார்த்துப் பார்த்தே மீன் வாங்குகிறான். அவளோ மாத முடிவில் மிலானோவுக்கு, தமக்கையோடு இருக்கப் போகிறாளாம்.

விமான நிலையத்திலிருந்து ரயில் ஒரு மணித்தியாலம், ஏழு யூரோவுக்குள். ரெஜினா வயதுபோன ஒரு இத்தாலிய அம்மாவை, சின்யோராவை, பராமரிக்கிறவள். வியாழன் பின்னேரம் லீவு, ஏழு மணிக்குத் திரும்பவேணும். நான் படத்துக்குக் கூப்பிட, வாறன் என்றாள். அதனால் நாலரைக் காட்சிக்கு மூன்று டிக்கெட், ஆளுக்கு ஏழு யூரோ. சுவரொட்டியில் பச்சைப் பட்டோடு ஒருத்தி சாய்ந்திருந்தாள். காதல் படம்தான் என்று நானே தெரிவு செய்தேன்.

எனக்கு இத்தாலியம் தெரியாது. தெரிந்தாலும் பிரயோசனமில்லை, படத்தில் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஒருவன் யன்னல் திருத்த வருகிறான். அவள் அத்திப்பழம் உரிக்கிறாள், பத்து நிமிசம். அவன் அவள் கழுத்தைப் பார்க்கிறான். எனக்கே வேர்த்தது, ஏனென்று விளங்கவில்லை. யன்னலைத் திருத்தினானா, அதுவும் விளங்கவில்லை. கடைசியில் அவள் தோளுக்குக் கை நீட்டினான். தொடமுதல் லைட் போட்டுவிட்டார்கள்!

“முடிஞ்சுதோ அக்கா?” என்றாள் ரெஜினா.

“ஓம் போல.” ஜெர்மனியில் லைட் போட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மற்றச் சனம் எழும்பவில்லை. கலைப்படம், இருந்து யோசிக்கினமாக்கும். யோகனும் எழும்பிப் பின்னால் வந்தான்.

மணி ஐந்தரை. கடற்கரைக்கு நடை இருபது நிமிசம். பணிசுக்குள், அதுதான் பன்னுக்குள், ஐஸ்கிரீம் வைத்துத் தருவார்கள், நாலு யூரோ, கட்டாயம் சாப்பிடுங்கள்.

“அந்த யன்னல்காரன் கடைசிமட்டும் பாத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு வாய் இல்லையோ?” ரெஜினாவுக்குக் கோபம்.

“சிலபேர் அப்பிடித்தான் பிள்ளை. மீன்கடையிலயும் நிக்கினம்.”

“அக்கா, சும்மா இரு!” என்றான் யோகன். காதெல்லாம் சிவப்பு. பிறகு கடலைப் பார்த்தபடி, “ரெஜினா, மிலானோவுக்குப் போகாதேங்கோ. என்னோடை இஞ்சை இருங்கோ.”

அவளுடைய ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது லேசில்லை.

“அப்ப மிலானோ அக்காவுக்குச் சொல்லோணும்,” என்றாள், “எனக்கு அறை ஒதுக்கவேண்டாம் எண்டு.” உடனே நேரம் பார்த்தாள். “ஐயோ, ஆறரை! சின்யோராவுக்கு சூப் குடுக்கோணும்!”

ஜெர்மனி வந்து மகளுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இத்தாலியில் நடுவில் இடைவேளை விடுவார்களாம். யோகனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“தெரியும் அக்கா. பதினாலு வருசமா இஞ்சை இருக்கிறன்.”

“பின்னை ஏன்ரா எழும்பி வந்தனி?”

“முழுக்கப் பாத்தால் ஏழு மணி. நான் எப்ப கதைக்கிறது?”

போகிறவர்களுக்கு ஒன்று. லைட் போட்டால் படம் முடியவில்லை, பாதிதான். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் இருந்து மிச்சத்தையும் பாருங்கள்.