மூணு பொடவை தூரத்துல ஒரு சாராயக்கடை

ஆரணியில எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு சந்து உண்டு. அந்தச் சந்துல ஒரு சாராயக்கடை இருந்துச்சு. எழுபதுகளோட ஆரம்பத்துல கவர்மெண்டு மதுவிலக்கை எடுத்தப்ப திறந்தாங்க, திரும்ப மதுவிலக்கு வந்தப்ப மூடினாங்க. நடுவுல ரெண்டு மூணு வருஷம் இருந்திருந்தா அதிகம். அதுக்குள்ள எங்க குடும்பத்தைத் தின்னு ஏப்பம் விட்டுட்டுப் போயிடுச்சு. எண்பதுகளோட கடைசியில, அந்தக் கடை சரியா எந்த எடத்துல இருந்துச்சுன்னு நான் தேடிகினு அலைஞ்சேன். பள்ளிக்கூட டீச்சர், அதுவும் ஒரு பொம்பள, சாராயக்கடை எங்கன்னு ஒவ்வொருத்தரா புடிச்சுக் கேட்டா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் இருந்துச்சு.

என்னைத் தேட வெச்சது எங்கம்மா. என் தம்பி அந்தச் சந்து மொனையில ஒரு காலி மனை பார்த்து வெச்சிருந்தான். அம்மாவை வாடகை வீட்டுல இருந்து கூட்டிகினு போய்ச் சொந்த வீட்டுல ஒக்கார வெக்கணும்னு அவனுக்கு ஒரே வெறி. விஷயத்தைச் சொன்னதும் அம்மா சுத்திகினு இருந்த ராட்டையை நிறுத்திட்டாங்க. சாராயக்கடை அந்த மொனையில தான் இருந்துச்சுன்னு கூட நூல் சுத்துற யாரோ ஒரு அம்மா சொன்னாங்களாம்.

"அந்த எடமா இருந்தா நீங்க கட்டிக்கினு போங்க. நான் வரமாட்டேன். அந்த மண்ணுல நான் கால் வெக்கமாட்டேன்."

எங்கம்மா ஒண்ணு சொன்னா சொன்னது தான். தம்பி ஆடிப் போயிட்டான். அவங்க வராத வீட்டை யாருக்காகக் கட்டறது? புரோக்கரைக் கேட்டா, அது காலங்காலமா சாயப்பட்டறை இருந்த எடம், சந்தேகமே வேணாம்னான். புரோக்கரு வாயை நம்பறதுக்கு எங்கம்மா ஒண்ணும் பச்சக் கொழந்தை இல்ல. அதனால கண்டுபிடிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு.

அம்மாவுக்கு ஏன் அத்தனை ஆத்திரம்னு சொல்லணும். எங்க நைனா நல்ல நெசவாளி, அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். அவர் நெய்ஞ்ச கரையில ஒரு நூல் பிசகி யாரும் பார்த்ததில்ல. ஒரு நாள் சாயங்காலம் தறியில பாதி நெய்ஞ்ச பட்டுப் பொடவை இருந்துச்சு. அரக்குல ஒடம்பு, பச்சையில கரை. பட்டும் ஜரிகையும் மொதலாளியோடது. அன்னிக்கு நைனாகிட்ட குடிக்கக் காசில்ல. கத்தரிக்கோலை எடுத்தாரு, தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலை அறுத்தாரு, அந்த அரைப் பொடவையைச் சுருட்டி அக்குள்ல இடுக்கிகினு போயிட்டாரு. நெய்யற வீட்டுல முடியாத பாவை அறுக்கறதுன்னா வீட்டுல சாவு விழுந்த மாதிரி. எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அதை மட்டும் செய்யமாட்டான். கடைக்காரனும் கூச்சமே இல்லாம அதை வாங்கிக்கினான். அரைப் பொடவையை எவ கட்டுவா? ஜரிகையை உருக்கி வித்துக்கலாம்னு வாங்கியிருக்கான், கஸ்மாலம். அதுக்கப்புறம் எந்த மொதலாளியும் எங்களுக்குப் பாவு தரல. அம்மா ஊரு வீட்டு நூலைச் சுத்தப் போனாங்க. கடை மூடின பிறகும் நைனா கள்ளச் சாராயத்தைத் தேடித் தேடிக் குடிச்சு, ரத்த வாந்தி எடுத்துச் செத்தாரு.

இத்தனை பட்டவங்களுக்கு அந்தக் கடை எங்க இருந்துச்சுன்னு எப்பிடித் தெரியாமப் போச்சுன்னு கேப்பீங்க. கடை இருந்த வரைக்கும் பொம்பளைங்க யாரும் அந்தச் சந்துல காலே வெச்சதில்ல. தண்ணிக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, குளத்தைச் சுத்திகினு தான் போவோம். எனக்கு அப்ப பதினாலு வயசு. சந்து மொனையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திகினு ஓடுவேன். புளிச்ச நாத்தம், மூத்திர நாத்தம், வாந்தி மேல அள்ளிப் போட்ட சாம்பல், இது எல்லாத்துக்கும் மேல குடிக்கறவனுங்க தொட்டுக்கறதுக்கு ஆட்டுக் கொடலை வறுக்கற சாக்னா வாசனை. இன்னிக்கும் எங்கயாவது கொடல் வறுத்தா எனக்குக் கொமட்டும். ஆக, பொம்பளைங்க பார்க்கல. பார்த்ததெல்லாம் ஆம்பளைங்க தான். அதனால ஆம்பளைங்களைக் கேட்டேன்.

மொதல்ல மளிகைக்கடைக்காரர். நெத்தி நெறைய விபூதி, வாயைத் திறந்தா தத்துவம். நம்ம பக்கத்துல அந்த மாதிரி கடையெல்லாம் ஏதும்மா, சேவூர் போற ரோட்டுல ஏதோ இருந்ததா கேள்விப்பட்டிருக்கேன்னு சொல்லிகினே பருப்பு மடிச்சாரு. கேள்விப்பட்டாராம்! வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமா சாக்கடையில கெடந்த அந்த மனுஷனை ரெண்டு கண்ணாலயும் பார்த்தவ நான். அடுத்தவரு சந்துல இருக்கற வீடுங்கள்ல பாதிக்குச் சொந்தக்காரரு. கடை இருந்துச்சு, ஆனா தன் வீட்டுப் பக்கம் இல்ல, இன்னும் தள்ளின்னாரு. அவரு கை காட்டின வீட்டுல கேட்டா, இங்க இல்ல, அதுக்கும் அந்தாண்டைன்னாங்க. இவங்க ஆளுக்கு ஆள் தள்ளின தள்ளுல அந்தக் கடை கலசப்பாக்கமே போய்ச் சேர்ந்திருக்கும்.

குடிச்சவனுங்க அத்தனை பேரும் உசுரோட இருந்தானுங்க. ஆனா குடிச்ச எடம் மட்டும் ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. கேக்கறப்ப மூஞ்சியை எப்பிடி வெச்சுக்கினானுங்கன்னு நெனைக்கிறீங்க? கோயில்ல கற்பூரம் ஒத்திக்கறவன் மாதிரி. எனக்கு வந்த அருவருப்புக்கு, அந்தச் சந்துல கவுந்து கெடந்தப்ப கூட இவனுங்க இதைவிட நல்லா இருந்தானுங்கன்னு தோணுச்சு.

கடைசியா எங்க சித்தப்பாகிட்ட போனேன். நைனாவோட கூடப் பொறந்த தம்பி, கூடக் குடிச்ச தம்பியும் அவரு தான். டாக்டரு பயமுறுத்தின பிறகு குடியை விட்டுட்டு மாலை போட்டுகினு பெரிய மனுஷனா மாறிட்டாரு. நைனா செத்த பிறகு எங்களுக்கு வாடகை வீடு பார்த்துக் குடுத்தது அவரு தான். அந்த நன்றிக்கு அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் அவரைக் கூப்பிட்டுச் சோறு போடுவாங்க. நான் கேட்டதும் சித்தப்பா என் மூஞ்சியைப் பார்க்கல, கட்டியிருந்த மாட்டைப் பார்த்தாரு. மறந்து போச்சும்மா, பழசைக் கெளறி இன்னா ஆவப் போவுது, அண்ணி மனசு தான் பேஜாராவும்னாரு.

சும்மா கேட்டா இவங்க வாயில இருந்து வராதுன்னு புரிஞ்சுபோச்சு. எங்க ஊர்ல அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டாங்க. அன்னிக்குக் காலையில எல்லா ஆம்பளைங்களும் டீக்கடையில தான் குந்திகினு இருப்பாங்க. மளிகைக்கடைக்காரர் இருந்தாரு, சந்துல வீடு இருக்கறவங்க இருந்தாங்க, சித்தப்பாவும் ஒரு ஓரமா இருந்தாரு. நான் நேரா போய், எல்லார் காதுலயும் விழற மாதிரி மளிகைக்கடைக்காரர்கிட்ட சொன்னேன்.

"நல்லா விசாரிச்சுட்டேங்க. சாராயக்கடை உங்க மாட்டுக் கொட்டாயில தான் நடந்துச்சாம்."

அந்த மாசம் தான் அவர் பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுல இருந்து வர்றதா இருந்தாங்க. மனுஷன் டீ கிளாஸை வெச்சுட்டுத் துள்ளி எழுந்தாரு. எவன் சொன்னது? சந்துல பாவு கட்டுற கல்லு நிக்குது இல்ல, என் வீடு கல்லுக்கு இந்தாண்டை. கடை கல்லுல இருந்து உள்ள மூணு பொடவை தூரம் போவணும்னாரு. எங்க ஊர்ல தெருவுல பாவு நீட்டறவங்களுக்கு அடிக்கணக்கு வராது, எதையும் பொடவைக் கணக்குல தான் சொல்லுவாங்க. இன்னொருத்தருக்கு உடனே ரோசம் வந்துடுச்சு. மூணுன்னா எங்க வீட்டுக்குப் பக்கத்துல வந்துடும், ரெண்டரை தான்னு சண்டைக்கு வந்தாரு. மூணு தான்டா, உள்ள நொழைஞ்சா எடது கைப் பக்கம் மாடம், மாடத்துல கிளாஸு அடுக்கி இருக்கும், அதுக்குக் கீழ பெஞ்சு, அங்க ஒக்காந்து குடிச்சவன் நான், எனக்குத் தெரியாதான்னு மூணாவது ஆளு மார் தட்டினாரு. ஞாபகமே இல்லாதவங்களுக்கு எவ்ளோ ஞாபகம் பாருங்க! நான் நிக்கறதையே மறந்துட்டானுங்க. ஒவ்வொரு மூஞ்சிலயும் பழைய சந்தோஷம் எண்ணெய் மாதிரி வழிஞ்சுது. சித்தப்பா மட்டும், போதும் விடுங்கடான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அவரு வெக்கப்பட்டுகினு போறாருன்னு அப்ப நெனைச்சேன்.

அன்னிக்கே மத்தியானம் என் நூல் பொடவை ஒண்ணை எடுத்துகினு தம்பியைக் கூப்பிட்டுகினு சந்துக்குப் போனேன். கல்லாண்ட ஒரு முனையை அவன் புடிச்சான், இன்னொரு முனையை நான் புடிச்சேன். மொதல் பொடவை முடியறதுக்குள்ளயே தம்பி பார்த்து வெச்ச மனை தாண்டிப் போச்சு. அவனுக்கு மூஞ்சி மலர்ந்துடுச்சு. நம்ம எடம் சுத்தம்க்கா, போலாம்னான். எனக்கு மனசு ஆறல. எந்தச் செவுருன்னு பார்த்து அது மேல ஒரு தடவை காறித் துப்பிட்டுத் தான் வருவேன்னேன். மறுபடி புடிச்சோம், மறுபடி புடிச்சோம்.

மூணாவது பொடவை முடிஞ்ச எடத்துல ஒரு பழைய சுண்ணாம்புச் செவுரு. காரை பேந்து போன எடத்துல வாசக்காலு அகலத்துக்கு வேற செங்கல்லு தெரிஞ்சுது. இருந்த வாசலை யாரோ அடைச்சிருக்காங்க. செவுத்துக்கு மேல ஒரு ஓட்டை, அதுல இருந்து பொகை வந்துகினு இருந்துச்சு, கூடவே வெந்தயம் தாளிக்கிற வாசனை. அந்தத் தாளிப்பு யாரு கையின்னு எனக்கும் தம்பிக்கும் சொல்லவா வேணும்? அது எங்க வீட்டு அடுப்பங்கரை. எங்க வாசல் அந்தப் பக்கத்துத் தெருவுல இருக்குது, முதுகு சந்துல இருக்குது. பத்து வருஷத்துக்கு மேல அந்த வீட்டுல இருக்கோம், ஒரு நாள் கூட அதோட முதுகை நின்னு பார்த்ததில்ல.

துப்பறதுக்கு வாயில வந்த எச்சியை முழுங்கிட்டேன். உள்ள அம்மா சமைச்சுகினு இருக்காங்க.

வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். அடைச்ச வாசல்ல இருந்து நொழையற மாதிரி நின்னு பார்த்தா, எடது கைப் பக்கம் மாடம். கிளாஸு அடுக்கி வெச்ச அந்த மாடத்துல தான் எங்கம்மா தெனம் வெளக்கு ஏத்திகினு இருந்தாங்க. கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்தச் சந்து ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் இது தெரியும். தாலி அறுத்த பொம்பள ரெண்டு புள்ளைங்களோட வந்து அங்க அடுப்பு மூட்டினப்ப, ஒருத்தனுக்காவது ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரல. சொன்னா, உனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டுடுவாங்களாம். மானஸ்தனுங்க. தூ!

மனை சுத்தம்னு மட்டும் சொல்லுக்கா, மீதி வேணாம்னு தம்பி கெஞ்சினான். மறைச்சா அந்த ஆம்பளைங்களுக்கும் நமக்கும் இன்னாடா வித்தியாசம்னு கேட்டேன். அம்மாவை ஒக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவங்க அழல. எழுந்து போய் மாடத்துல இருந்த வெளக்கை எடுத்து, எண்ணெயைக் கொட்டி, புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினாங்க. கழுவிகினே கேட்டாங்க.

"உங்க சித்தப்பனுக்கும் தெரியுமா?"

வீடு பார்த்துக் குடுத்ததே அவரு தானேம்மான்னேன்.

அம்மா கழுவின வெளக்கைக் கவுத்து வெச்சாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. "முன்னாடி காத்தோட்டமா இருக்குது, அங்க ஒக்காருன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன். கேக்கமாட்டான். வந்தா அந்த மாடத்துக்குக் கீழ தான் செவுத்துல சாஞ்சிகினு ஒக்காந்து சாப்பிடுவான்."

அதுக்கப்புறம் அம்மா அந்த அடுப்பங்கரைக்குள்ள போகவே இல்ல. முன் ரூம்புல ஸ்டவ் வெச்சு சமைச்சாங்க. அமாவாசைக்கு யாரையும் கூப்பிடல. சந்து மொனையில கடக்கால் போட்ட அன்னிக்கு மொத ஆளா போய் நின்னது அவங்க தான். மேஸ்திரியை ஜல்தியா முடின்னு தெனம் வெரட்டினாங்க. பூச்சுவேலை கூட முடியல, அதுக்குள்ள கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு.

ஊரைக் கூப்பிடாம எப்பிடி? எல்லாரும் வந்தாங்க. சித்தப்பாவும் மாலை, சந்தனம் எல்லாமா வந்து மொத பந்தியில மளிகைக்கடைக்காரர் பக்கத்துல ஒக்காந்தாரு. அம்மா சோத்துக் குண்டானை எடுத்துகினு ஒவ்வொரு எலையா போட்டுகினு வந்தாங்க. நான் பின்னாடியே ரசத்தோட வந்தேன். சித்தப்பா எலைக்கு முன்னாடி அம்மா நின்னுட்டாங்க. கரண்டி குண்டானுக்குள்ளயே இருந்துச்சு. சத்தம் போடாமத்தான் பேசினாங்க, ஆனா பந்தி முழுக்கக் கேட்டுச்சு.

"இது புது வீடு. நீ சாஞ்சு ஒக்கார்ற செவுரு இங்க இல்ல. எழுந்து போ."

சித்தப்பா எலையைக் கூட மடிக்காம எழுந்து போனாரு. பக்கத்து எலையில இருந்த மளிகைக்கடைக்காரர் தலையைத் தூக்காம, எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்தும்மான்னாரு.