அங்குலம் எழுதிவைத்த அளவு

என் பெரியப்பாவுக்குத் தெரு வைத்த பெயர் அங்குலம். தையற்காரர். ஒரு மனிதனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அளப்பார். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று நீல அட்டை போட்ட நோட்டில் பேனாவால் எழுதுவார். அப்புறம் அந்த ஆள் செத்துப் பிழைத்து வந்தாலும் அளவு மாறாது. "பழைய அளவுலயே தச்சிடறேன், போயிட்டு வாங்க" என்பார். கல்யாணத்துக்கு அளந்த பையன் ஆறு வருஷம் கழித்துப் பீப்பாய் மாதிரி வந்து நின்று, "அண்ணே, பட்டன் போட்டா மூச்சு நிக்குது" என்றால், நோட்டைத் திறந்து காட்டுவார்.

"என் தையல்ல தப்பிருந்தா சொல்லு. நீ தின்னதுக்கு நான் என்ன பண்றது?"

தப்பு எப்போதும் உடம்பின் மேல்தான். நோட்டின் மேல் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு இரத்த அழுத்தம் வந்தால் அதை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் யாரோ கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்திருக்கிறார்கள். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு. டாக்டர் தினம் காலையில் ஒரு மாத்திரை போடச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பெரியம்மாவின் முறைப்புக்குப் பயந்து பெரியப்பா ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டார். மறுபடி பார்த்தால் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. அதோடு வீட்டுக்கு வந்தவர் நோட்டை எடுத்து, 'நான்' என்று தலைப்பிட்டுத் தனக்கென்று வைத்திருந்த பக்கத்தில், மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு என்பதற்கெல்லாம் கீழே, பிபி 128/82 என்று பேனாவால் எழுதினார். மறுநாள் மாத்திரை நின்றது.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?" என்றார் பெரியம்மா.

"பிட்டிங் சரியா வந்துடுச்சுடி. சரியா வந்த சட்டையை எவனாவது பிரிப்பானா?"

"அது சட்டை. இது ரத்தம்."

"எல்லாம் அளவுதான், போ."

பெரியம்மா விடவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்கி வைத்தார். பெரியப்பாவும் மாதாமாதம் போட்டுவிட்டதாகச் சொன்னார். கடையில் அவருக்கு எடுபிடியாக இருந்த நான் ஒருநாள் வெள்ளைப் பட்டன் தேடிப் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தேன். அட்டை அட்டையாக மாத்திரைதான் கொட்டியது. "வெளிய சொன்னா காலை ஒடிச்சிடுவேன்" என்றார். நானும் சொல்லவில்லை. இந்தக் கதையில் முட்டாள் ஒருவர்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எதிர் மளிகைக்கடைக்காரருக்கும் இதே வியாதி. காலை எட்டு மணிக்கு அவர் போன் அலறும். உடனே தராசை விட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். பெரியப்பா கட்டிங் மேஜையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"மணி அடிச்சாச்சு. கோழிக்குத் தீனி வைங்கப்பா."

"சிரிங்க மாஸ்டர். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. போடறதாலதான் இல்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு மாத்திரை தின்ற ஒரே ஆள் நீர்தான்யா."

சொல்லிவிட்டு டீயோடு உப்புக் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். தலை வலிக்கவில்லை, மயக்கம் வரவில்லை, அப்புறம் என்ன நோய் என்பது அவருடைய மருத்துவம். வருஷக்கணக்கில் வாயே திறக்காமல் உள்ளே வேலை பார்க்கிற நோய் அது என்று பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியப்பா சத்தம் போடாத யாரையும் மதித்ததில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்களுக்கு அறுபது யூனிபார்ம் தைக்கச் சொல்லி வந்தது. தைக்கிறவன் எங்கேயும் கிடைப்பான். பெரியப்பாவிடம் வருகிறவர்கள் வெட்டுக்காக வருகிறார்கள். எட்டு மடிப்புத் துணியைப் போட்டு ஒரே ஓட்டத்தில் தோள் வளைவை வெட்டினால் எட்டும் ஒன்று போலவே இருக்கும். அந்த வலது கைதான் எங்கள் கடை.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒருநாள் காலை பத்தரைக்கு அந்தக் கையிலிருந்து கத்தரி நழுவித் தரையில் விழுந்தது. பெரியப்பா தன் கையை அடுத்தவன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். என்னிடம் ஏதோ சொன்னார். வார்த்தை குழைந்து ஒழுகியது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முந்தின நாள்தான் நான் குடிகாரன் மாதிரி நடித்துக்காட்டித் திட்டு வாங்கியிருந்தேன். அதற்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்து, நான் சிரித்தேன். பலமாகவே சிரித்தேன்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான். பெரியம்மாகிட்ட மூச்சு விட்ட, தொலைச்சிடுவேன்" என்று என் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கத்தரியை எடுத்தார். வெட்டினார். சாக்பீஸ் கோட்டை விட்டு வெட்டு நெளிந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத நெளிவு. அவரும் பார்த்தார். அந்த எட்டுத் துண்டையும் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

சத்தியம் வாயைத்தான் கட்டும். கையைக் கட்டாது. நோட்டில் இருக்கிற அளவு பொய் என்பது ஒரு நர்ஸ் கண்ணில் பட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். ரெண்டு மணிக்கு யூனிபார்ம் மாதிரியைப் பார்க்கத் தலைமை நர்ஸ் வந்தபோது, மெஷின் எண்ணெயைப் பெரியப்பாவின் சட்டையில் 'தெரியாமல்' ஊற்றினேன். இந்த மாதிரிக் குறும்புப் படிப்பில் மட்டும் நான் பெயிலானதே இல்லை. அவர் என்னைத் திட்டி முடிப்பதற்குள் மாடிக்கு ஓடி, நாலு வருஷத்துக்கு முன்னால் தனக்கென்று தைத்து, பெட்டியிலேயே வைத்திருந்த கோடு போட்ட சட்டையைக் கொண்டுவந்தேன்.

திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தார். மேல் பட்டன் மூன்றையும் போட்டிருந்தார். கீழே நாலு விரல் இடைவெளியில் பனியன் தெரிந்தது.

"துணி சுருங்கிடுச்சு" என்றார்.

"அது சுருங்கலை மாஸ்டர்" என்றார் தலைமை நர்ஸ்.

நான் டேப்பை இடுப்பில் சுற்றினேன். "நாற்பத்தொண்ணே முக்கால். நோட்டுல முப்பத்தாறுன்னு இருக்கு."

"எங்க பொண்ணுங்க யூனிபார்மும் இந்த நோட்டை வச்சுத்தானா?" என்று நோட்டை வாங்கிப் பார்த்தவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது என்ன, 128/82?"

"என் பிபி. சரியா இருக்கு."

"எப்ப எடுத்தது?"

"நாலு வருஷம் இருக்கும்."

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன். பிபிக்குப் பழைய அளவு வச்சிருக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்." சிரிக்கவும் ஆரம்பித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் கேட்க முடியவில்லை. காலையில் நான் சிரித்ததே போதும். "கத்தரி கீழ விழுந்துச்சு. வாய் கோணிச்சு. பேச்சு வரல" என்று சொல்லிவிட்டேன்.

"டேய்" என்றார் பெரியப்பா.

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"இப்ப ரெண்டேகால். அப்பவே தூக்கிட்டு ஓடி வர வேண்டாமா?" அந்தக் கேள்வி எனக்கு. "பெரியம்மாவைக் கூப்பிடு. கடையைச் சாத்து."

ஆஸ்பத்திரியிலும் அங்குலம் அங்குலம்தான். இளவட்ட ஊழியன் ஒருவன் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினான். "தம்பி, துணிக்கு மேல அளவெடுக்க எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்?" உயிர் ஊசலாடும்போதும் இந்தக் கொழுப்பு. ஆனால் தலைமை நர்ஸ், "அவர் சொல்றது சரிதான், கழட்டிட்டு எடு" என்றார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு நூற்றுப் பதினாலு. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். நோயைவிட அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். மறுபடி எடுத்தால் வேறு எண். மூன்றாம் தடவை இன்னொன்று.

"மூணு தடவை எடுத்தா மூணு அளவா? மெஷினைத் தூக்கிப் போடுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க தூங்கினா ஒண்ணு காட்டும், கத்தினா ஒண்ணு காட்டும். அதான் அடிக்கடி பாக்கணும். அன்னைக்கு வந்த 128 உங்க அளவு இல்ல, மாத்திரையோட அளவு. அதை நிறுத்தினீங்க, ஏறிடுச்சு. காலையில மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சுத் திரும்பியிருக்கு. அடுத்த தடவை திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன். வலது கை போனா போனதுதான்."

பெரியப்பா வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பெரியம்மா திட்டவே இல்லை. அந்த வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எல்லாருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது காலையில் மூன்று மாத்திரை. கடலைப் பொட்டலம் போயிற்று, ஊறுகாய் போயிற்று. சாயங்காலம் மளிகைக்கடைக்காரரோடு தெருக்கோடி வரை நடை. கோழித் தீனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. "எதையாவது சொல்லித் தொலையேன்யா" என்று நடுத்தெருவில் கத்துவாராம்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்று இருபத்தாறுக்கு எண்பது. டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். பெரியம்மாவும் நானும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு நூற்றுத் தொண்ணூறைவிட இந்த எண்தான் பயம். போன தடவை இந்த மாதிரி ஒரு எண்ணைக் காட்டித்தான் மனுஷன் எங்களை ஏமாற்றினார்.

மறுநாள் காலை எட்டு மணி. மாத்திரை அட்டைகள் மேஜையில் இருந்தன. பெரியப்பா அவற்றைத் தொடவில்லை.

"எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றார், யாரையும் பார்க்காமல்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா கையை நிறுத்தினார். "நிறுத்தச் சொன்னாரா?"

"அதைச் சொல்லல."

வெட்ட வேண்டிய துணி விரித்துக் கிடந்தது. கத்தரியை எடுத்து வெறுங்காற்றில் திறந்தார், மூடினார். இன்னொரு தடவை திறந்து, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தரியை வைத்துவிட்டு அட்டையைக் கிழித்து மூன்றையும் வாயில் போட்டுக்கொண்டார்.

நான் நம்புவேனா? எதிரில் போய் நின்றேன்.

"வாயைத் திறங்க பெரியப்பா."

"வாத்தியாரா நீ?"

"திறங்க."

சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார். மூன்றும் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

"முழுங்குங்க."

"தண்ணி குடுக்காம மிரட்டறியேடா கழுதை" என்றார், நாக்கை உள்ளே இழுக்காமலே. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.