மாடு தின்னும் தாள்

திருவிடைமருதூர் கோயில் வாசலில் பூக்கட்டி விற்ற அமிர்தம் என் பக்கத்து வீட்டுக்காரி. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். அதனால் நடந்த அநியாயத்தை நானே சொல்கிறேன்.

அவள் வளர்த்த கன்று ஒன்று வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் பை. மீந்த சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிகிற புண்ணியவான்கள் இருக்கிறார்களே, அவர்கள் கைங்கரியம். அமிர்தம் அழவில்லை. பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, மாடு தின்றாலும் செரிக்கிற தாள் செய்யப்போகிறேன் என்றாள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தெருவே சிரித்தது.

ஒரு கல்லூரியில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தாள். நொய்யரிசி மாவைக் கரைத்து, கொஞ்சம் கிளிசரின் விட்டுக் காய்ச்சி, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் தாள் வரும். மடித்தால் அப்பளமாக நொறுங்கும். நார் சேர்த்தால்தான் தாங்கும். பூக்கட்டுகிற கை இல்லையா, பழக்கதோஷத்தில் வாழைநாரை நனைத்து நீளநீளமாகப் போட்டாள். காய்ந்ததும் நார் தனி, தாள் தனி என்று பிரிந்துவிட்டது. அப்புறம் நாரைப் பொடியாக நறுக்கி, சோடா உப்புப் போட்டு வேகவைத்து, நன்றாக அலசி, பஞ்சாக இடித்துக் கஞ்சியிலேயே கலந்தாள். இழுத்தாலும் லேசில் கிழியாத தாள் வந்தது. சிரித்த தெரு வாயை மூடிக்கொண்டது.

கும்பகோணத்தில் இலைக்கடை வைத்திருக்கும் பஞ்சநாதன் அவளிடம் மொத்தமாக வாங்கினார். ‘அமிர்தம் தாள், மாடு தின்னலாம்’ என்று கட்டுக்குக் கட்டு அச்சடித்து விற்றார். மார்கழி ஈரத்தில் தாள் நமத்துப்போகிறது என்று சலித்துக்கொண்டார். நாரைக் கூட்டிப் பார்க்கிறேன், தை வெயில் வரட்டும் என்றாள் இவள். மனுஷனுக்குப் பொறுமை இல்லை.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கம் மாட்டைக் குளிப்பாட்டி, நெட்டிமாலை போட்டு, வாழையிலையில் பொங்கல் வைத்து, இலையோடு தின்னவிடுவோம். இந்த வருஷம் காற்றில் வாழையெல்லாம் கிழிந்து கிடந்தது. அமிர்தம் தாள் இருக்கையில் இலை எதற்கு என்று பஞ்சநாதன் கடையில் ஒரு கட்டு வாங்கிவந்தேன். என் பசு சிவப்பி பொங்கலோடு தாளையும் ஆசையாகத் தின்றாள். வேடிக்கை பார்க்க வந்த அமிர்தம் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கிழித்தாள். கஞ்சித் தாள் கிழிந்தது. அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் இழுத்த இழுப்புக்கு நீண்டது.

முழங்கை வரை கையை மாட்டின் வாய்க்குள் விட்டு, மென்றுகொண்டிருந்ததை இழுத்துப் போட்டாள். முன்னே விழுங்கியவை உள்ளே போய்விட்டன. மாட்டு டாக்டர் வந்தார். அசைபோட ஆரம்பித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். நாசமாய்ப் போகிறவன் அந்தப் பஞ்சநாதன். இனி அவனுக்கு என்ன மரியாதை!

மறுநாள் காலை அவளும் நானும் கும்பகோணம் பஸ் ஏறினோம். கடையில் நல்ல கூட்டம். ஈரம் தாங்கத்தான் ஒட்டினேன், ஜனங்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்றான் பஞ்சநாதன். நான் வாயைத் திறக்குமுன் அமிர்தம் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தாள். தன் கையால் செய்த தாளில் பொங்கலை வைத்து, தாளோடு சுருட்டி, எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினாள். பிறகு அவன் கடைத் தாளில் ஒரு பிடி வைத்து நீட்டினாள்.

“தின்னுங்கண்ணே. எம் பேரை அச்சடிச்சுத்தானே வித்தீங்க. தாளோட தின்னுங்க.”

அவன் கை நீளவில்லை. வாங்க வந்தவர்கள் எடுத்த கட்டைத் திரும்ப வைத்தார்கள். தன் வாய்க்கு ஆகாது என்று தெரிந்துதானே பாவி வாயில்லாத ஜீவனுக்கு விற்றிருக்கிறான். அமிர்தம் அந்தப் பொங்கலை அவன் கல்லாப்பெட்டி மேலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது சிவப்பி கொட்டிலில் படுத்திருந்தாள். நெட்டிமாலை கழுத்திலேயே கிடந்தது. அமிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தாடையில் கை வைத்துப் பார்த்தாள். வாய் அசையவில்லை.